வைபையில் லப்டொப் பூட் ஆகுமா? மதர்போட்டுக்குக் காசு கொடுக்க முன் வாசியுங்கள்

கேள்வி: ஒட்டுசுட்டான் பக்கத்துப் பாடசாலையொன்றில் தகவல் தொழில்நுட்பம் படிப்பிக்கிறேன். வெளிநாட்டிலுள்ள பழைய மாணவர்கள் பத்து லப்டொப் அனுப்பினார்கள். ஒன்றிலும் ஹார்ட் டிஸ்க் இல்லை. ஆய்வுகூடச் சேர்வரில் இருந்து வைபை மூலமே இயக்கலாம் என்று ஒருவர் சொன்னார். போட்டுப் பார்த்தால் ‘பிஎக்ஸ்இ-இ61, மீடியா டெஸ்ட் ஃபெயிலியர், செக் கேபிள்’ என்று வருகிறது. மதர்போட் பழுது என்கிறார் கடைக்காரர். உண்மையா?

பதில்: ரீச்சர், இந்த வரியை வைத்து மதர்போட் பழுது என்று ஒருவரும் சொல்ல முடியாது. கேபிளைப் பார் என்றுதானே அதுவே சொல்கிறது! டிஸ்க் இல்லாத லப்டொப் கடைசியில் நெற்வேர்க்கில் தேடிப் பார்க்கும். லான் வயர் செருகவில்லை, அவ்வளவுதான். டிஸ்க் செத்த லப்டொப்பிலும் இதே வரி வரும். அதைக் காட்டிப் பயப்படுத்திப் பெரிய பில் போடுகிற கடைகள் இருக்கின்றன. மதர்போட் என்ற சொல் வந்தவுடனேயே லப்டொப்பைத் திருப்பி வாங்கிக்கொண்டு வாருங்கள்.

வைபையில் ஏன் முடியாது? நெற்வேர்க்கில் பூட் செய்யும், அதாவது விண்டோஸ் போன்றதைச் சேர்வரில் இருந்து ஏற்றித் தொடங்கும், பிஎக்ஸ்இ என்ற இந்த முறை இன்டெல் வகுத்தது. 1999இல் வந்த 2.1 பதிப்பில்தான் இன்றும் நிற்கிறது. வயர் என்றால் செருகினவுடன் பேசலாம். வைபைக்கு டிரைவர் வேண்டும், பாஸ்வேர்ட் கொடுத்து உள்ளே போக வேண்டும். இதையெல்லாம் செய்வது விண்டோஸோ லினக்ஸோ. அதை இன்னும் ஏற்றவேயில்லையே. திறப்பை உள்ளே வைத்து வீட்டைப் பூட்டினது போலத்தான்.

ஒரு விதிவிலக்கு உண்டு, தரகர்கள் பிடித்துக்கொள்வதும் அதைத்தான். லப்டொப்பைப் போட்டவுடன் முதலில் ஓடும் மென்பொருளுக்கு (பயோஸ் என்பது அதைத்தான்) யூஇஎஃப்ஐ என்றொரு விதிமுறை உண்டு. 2015இல் வந்த அதன் 2.5 பதிப்பு வைபைக்கும் இடம் வைத்தது. அதனால் சில புதிய லப்டொப்களின் பயோஸில் வைபை என்ற பக்கமே இருக்கும். அநேகமாக அது தயாரித்த கொம்பனியின் இணையத்திலிருந்து மீட்புக் கோப்பை இறக்குவதற்கு. ஆப்பிள் கணினிகள் வைபையில் மீட்பது கூட அப்படித்தான். உங்கள் சேர்வரைத் தேடிப் போக அதற்குப் பெரும்பாலும் தெரியாது. ‘பயோஸில் வைபை இருக்கு, செய்து தாறன்’ என்று முற்பணம் கேட்டால், முதலில் ஒரு லப்டொப்பை உங்கள் கண்முன்னே உங்கள் சேர்வரில் இருந்து பூட் செய்து காட்டச் சொல்லுங்கள்.

இன்னொரு ரவுட்டரைக் கிளையன்ட் மோட்டில் (வைபையை வாங்கி வயரில் கொடுக்கும் நிலையில்) வைத்து, அதிலிருந்து லப்டொப்புக்குச் சின்ன வயர் கொடுக்கலாம் என்றும் சொல்வார்கள். கொள்கையளவில் சரி. ஆனால் பல மலிவு ரவுட்டர்கள் ஐபி முகவரியைத் தாங்களே கொடுத்துவிடும். எந்தக் கோப்பை ஏற்றுவது என்ற தகவல் சேர்வரில் இருந்து வந்து சேராது. அப்போது ‘பிஎக்ஸ்இ-இ53’ என்று வேறொரு வரி வரும். பத்து லப்டொப்புக்கு இந்தத் தலையிடி வேண்டாம்.

சேர்வரில் இருந்துதான் ஓட வேண்டுமென்றால் ஒரு கிகாபிட் சுவிட்சும் (பல லான் வயர்களை இணைக்கும் பெட்டி) பத்து வயரும் போதும். சுவர் உடைக்கத் தேவையில்லை, மேசை ஓரமாக இழுக்கலாம். வைபை ரவுட்டர் கேட்டால் உடனே கையெழுத்து, ஒரு பெட்டி கேபிள் கேட்டால் விலைமனு, அனுமதி, அடுத்த தவணை! பிள்ளைகளுக்குப் பரீட்சை மட்டும் அடுத்த தவணைக்குப் போகாது.

என் யோசனை, அந்தக் காசுக்கு, ஹார்ட் டிஸ்க் இடத்தில் போடும் எஸ்எஸ்டி வாங்குங்கள். 120 ஜிபி பள்ளிப் பாவனைக்குத் தாராளம். பின்மூடியைக் கழற்றி, 2.5 அங்குல இடமா எம்.2 துளையா என்று படமெடுத்துக் கொண்டு கடைக்குப் போங்கள். அதுவரை 16 ஜிபி பென்ரைவில் லுபுண்டு என்ற இலகுவான லினக்ஸ் போட்டு ஓட்டலாம். லினக்ஸ் ஏறினபிறகு பெரும்பாலும் வைபையும் தானாக வரும்.

பழைய மாணவர்களுக்கும் ஒரு செய்தி அனுப்பிவிடுங்கள்: அலுவலகங்கள் கழித்துவிடும் லப்டொப்களில் பயோஸ் பாஸ்வேர்ட் இருக்கலாம். இருந்தால், எதிலிருந்து முதலில் பூட் ஆவது என்ற வரிசையையே மாற்ற முடியாது. அடுத்த முறை பெட்டி கட்ட முன்னமே அங்கேயே எடுத்துவிடச் சொல்லுங்கள்.