218 வோல்ட், 8.2 ஆம்ப்ஸ்: கீசரின் ஓம் எவ்வளவு, வாட்ஸ் எவ்வளவு?

கேள்வி: கீசர் ஆஃபில் இருக்கும்போது பிளக் பாயிண்டில் 225 வோல்ட். ஆன் செய்தால் அதே லைனில் பக்கத்துப் பாயிண்ட் 218 காட்டுகிறது, டாங் டெஸ்டரில் (ஒயரைக் கவ்வி ஆம்ப்ஸ் காட்டும் கருவி) 8.2 ஆம்ப்ஸ். கீசரில் 2000 வாட்ஸ் என்று போட்டிருக்கிறது. ஓமும் வாட்ஸும் எப்படிக் கணக்கிடுவது? கீசர் பழுதா?

பதில்: பழுதில்லை. ஆனால் அந்த 7 வோல்ட் எங்கே போனது என்று பார்த்தே ஆகவேண்டும்.

கணக்கு எளிது. வோல்ட்டை ஆம்ப்ஸால் வகுத்தால் ஓம், பெருக்கினால் வாட்ஸ். வோல்ட்டும் ஆம்ப்ஸும் ஒரே நேரத்தில், லோடு (இங்கே கீசர்) ஓடும்போது எடுத்தவையாக இருக்க வேண்டும். 225-ஐ எடுத்து 8.2-ஆல் வகுத்தால் தவறு, அது லோடு இல்லாத வோல்ட்.

218 ÷ 8.2 = 26.6 ஓம். 218 × 8.2 = 1788 வாட்ஸ்.

2000 என்று போட்டிருப்பது 230 வோல்ட்டுக்கு. 230-ஐ 230-ஆல் பெருக்கி 26.6-ஆல் வகுத்துப் பாருங்கள், 1989 வரும். கீசரின் ஹீட்டர் காயில் நன்றாக இருக்கிறது என்பதற்கு இதுவே போதும். பலர் இங்கே 2000 ÷ 218 = 9.2 ஆம்ப்ஸ் என்று போட்டுக் குழம்புகிறார்கள். ஹீட்டரில் மாறாமல் இருப்பது ஓம்தான், வாட்ஸ் அல்ல. வோல்ட் குறைந்தால் ஆம்ப்ஸும் சேர்ந்தே குறையும். மே மாதம் இரவு தெரு முழுக்க ஏசி ஓடி வோல்ட் 200-க்கு இறங்கினால், இதே கீசர் 1500 வாட்ஸ்தான் இழுக்கும். தண்ணீர் சூடாக நேரமாகும், அவ்வளவுதான்.

இனி அந்த 7 வோல்ட். 7 × 8.2 = 57 வாட்ஸ். இவ்வளவு சூடு கீசருக்கு வெளியே, லைனில் எங்கோ வீணாகிறது. 2.5 ஸ்கொயர் (சதுர மில்லிமீட்டர்) காப்பர் ஒயர் கிலோமீட்டருக்குச் சுமார் 7.4 ஓம். போர்டிலிருந்து பாத்ரூம் 15 மீட்டர் என்றால், பேஸும் நியூட்ரலும் சேர்ந்து 30 மீட்டர், அதாவது 0.22 ஓம். அதில் விழுவது 1.8 வோல்ட். மீதி 5.2 வோல்ட்டுக்கு வேறு காரணம் இருக்கிறது.

மீட்டர் போர்டில், மெயின் ஸ்விட்ச் பக்கம் இதே சோதனையைச் செய்யச் சொல்லுங்கள் (திறந்த டெர்மினலில் அளப்பதால் எலக்ட்ரீஷியன் செய்யட்டும்). அங்கேயும் 5 வோல்ட் இறங்கினால் பழுது ஈபி லைன் பக்கம். அங்கே இறங்காமல் பாத்ரூமில் மட்டும் இறங்கினால், வீட்டுக்குள் நியூட்ரல் லிங்க்கிலோ (நியூட்ரல் ஒயர்கள் சேரும் பட்டை) எம்சிபி (ஆம்ப்ஸ் மிஞ்சினால் தானே அணையும் ஸ்விட்ச்) ஸ்க்ரூவிலோ லூஸ் கான்டாக்ட். அந்த 5.2 வோல்ட்டும் ஒரே ஸ்க்ரூவில் விழுந்தால், அந்தப் பொட்டு இடத்தில் 43 வாட்ஸ். ஈயம் உருக்கும் சாதாரண சால்டரிங் அயர்னே 25 வாட்ஸ்தான்! எம்சிபி இதிலிருந்து காப்பாற்றாது. அதற்குத் தெரிவது ஆம்ப்ஸ் மட்டும். 16 ஆம்ப் எம்சிபிக்கு 8.2 ஒன்றுமே இல்லை.

பக்கத்துப் பாயிண்டில் அளந்ததால், கீசர் பிளக்கின் பின்னுக்கும் சாக்கெட்டுக்கும் நடுவே விழும் வோல்ட் இந்த 7-ல் சேரவில்லை. அதைக் கண்ணால்தான் பார்க்க வேண்டும். ஸ்விட்சை அணைத்து, பிளக்கைக் கழற்றி, சாக்கெட் ஓட்டையைச் சுற்றிப் பழுப்பு வளையம் இருக்கிறதா, பித்தளைப் பின் கறுத்திருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் பிளக், சாக்கெட் இரண்டையும் சேர்த்து மாற்றுங்கள். ஒன்றை மட்டும் மாற்றினால் தேய்ந்த மற்றது புதியதையும் கெடுக்கும்.

ஓமை மல்ட்டிமீட்டரில் நேரடியாகவும் சரிபார்க்கலாம். பிளக் கழற்றியிருக்கும்போது மட்டும். முதலில் மீட்டரின் இரு புரோபையும் (அளக்கும் முனைகள்) ஒட்டவைத்துக் காட்டும் 0.3 போன்ற எண்ணைக் கழித்துக்கொள்ளுங்கள். தண்ணீர் ஆறியிருக்க வேண்டும், கீசரில் தனி ஸ்விட்ச் இருந்தால் அது ஆனில் இருக்க வேண்டும். தண்ணீர் சூடானதும் காயிலை அணைக்கும் தெர்மோஸ்டாட் கட்டாகியிருந்தால் எண்ணே வராது. பிளக்கின் பேஸ், நியூட்ரல் பின்களுக்கு நடுவே 26-ஐ ஒட்டி வரும்.

இதே முறையை குண்டு பல்பில் செய்தால் ஏமாறுவீர்கள். 100 வாட்ஸ் பல்பு கணக்குப்படி 529 ஓம், மீட்டரிலோ 40-ஐ ஒட்டித்தான் காட்டும். டங்ஸ்டன் இழை எரியும்போதுதான் அந்த 529-க்கு ஏறுகிறது. கீசரின் நைக்ரோம் காயில் சூட்டில் அதிகம் மாறாததால் அங்கே கணக்கு சேர்கிறது. ஃபேன், ஃபிரிட்ஜ், மோட்டார் எதற்கும் வோல்ட் × ஆம்ப்ஸ் வாட்ஸ் ஆகாது, பவர் ஃபேக்டரையும் (ஒன்றுக்குக் குறைவான ஓர் எண்) பெருக்க வேண்டும்.

டாங் டெஸ்டரில் ஒரே ஒயரைத்தான் கவ்வ வேண்டும். இரண்டையும் சேர்த்துக் கவ்வினால் பூஜ்யம். சென்னை ரிச்சி தெருவில் வாங்கும் சாதா மல்ட்டிமீட்டரின் 10 ஆம்ப் ஓட்டையில் புரோபை வைத்தபடி வோல்ட் பார்க்கப் போகாதீர்கள். அது நேரே ஷார்ட் சர்க்யூட், கையிலேயே வெடிக்கும்.

கருவியே இல்லையென்றால் ஈபி மீட்டரின் சிவப்பு விளக்கை நம்பலாம். மற்ற எல்லாவற்றையும் அணைத்து, கீசர் மட்டும் ஓட, ஒரு நிமிடம் சிமிட்டலை எண்ணுங்கள். மீட்டரில் ஒரு யூனிட்டுக்கு 3200 என்று அச்சிட்டிருந்தால், சிமிட்டலை 60,000-ஆல் பெருக்கி 3200-ஆல் வகுக்க வாட்ஸ் வரும். உங்கள் கீசருக்கு 95 சிமிட்டல் வர வேண்டும்: 1781 வாட்ஸ்.