கணக்கு நேராக வேண்டாமா?

அன்புள்ள ஐயா,

தூக்குத் தண்டனை வேண்டாம் என்று போன மாதம் நீங்கள் எழுதியதைப் படித்தேன். இரண்டு நாள் தூக்கம் இல்லை.

தேவகோட்டைப் பக்கம் ஒரு கிராமத்தில் எங்கள் அப்பத்தா தனியாக இருந்தார். வயது 78. நாங்கள் எல்லாரும் சென்னை, சிங்கப்பூர் என்று சிதறிவிட்டோம். போன வருடம் ஒரு சங்கிலிக்கும் ஒரு ஜோடி வளையலுக்குமாக அவரைக் கொன்றுவிட்டார்கள். பிடிபட்ட இருவரில் ஒருவன் வருடா வருடம் வீட்டுக்கு ஓடு மாற்ற வந்தவன். அப்பத்தா கையால் காப்பி வாங்கிக் குடித்தவன். குற்றப்பத்திரிகை போட்டார்களா என்றுகூட எங்களுக்குத் தெரியவில்லை, கேட்டால் யாரும் ஒழுங்காகப் பதில் சொல்வதில்லை.

ஆயுள் என்றால் பதினாலு வருடம். அப்புறம் அவன் எங்கள் தெருவிலேயே நடப்பான். என் தம்பி இருக்கும் சிங்கப்பூரில் தூக்கு இருக்கிறது, அதனால் பயம் இருக்கிறது. கொடுக்கல் வாங்கலில் காசு பிசகாமல் கணக்கு எழுதிய ஊர் நம் ஊர். ஒரு உயிரை எடுத்தவன் கணக்கு நேராக வேண்டாமா? உங்கள் ஆத்தாவுக்கு இப்படி நடந்திருந்தால் அதையே எழுதுவீர்களா?

பெயர் போட வேண்டாம்.

*

அன்புள்ள சகோதரிக்கு,

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். என் ஆத்தாவும் காரைக்குடியில் மூன்று கட்டு வீட்டில் தனியாகத்தான் இருக்கிறார். சமையல், படுக்கை எல்லாம் இரண்டாம் கட்டில் ஒரே அறையில். மற்றவை பூட்டிக் கிடக்கின்றன. ஒரு தெருவில் தொடங்கி அடுத்த தெருவில் முடிகிற வீடு, பின்கட்டில் கத்தினால் முகப்பில் கேட்காது. ராத்திரி அவர் போனை எடுக்கத் தாமதமானால் எனக்கு வயிறு கலங்கும். அவருக்கு இப்படி நடந்திருந்தால் அந்தக் கட்டுரையை நான் எழுதியிருக்க மாட்டேன். அவனைக் கொல்ல வேண்டும் என்றுதான் நினைத்திருப்பேன். அந்த நினைப்பில் தப்பு இருப்பதாக இப்போதும் எனக்குத் தோன்றவில்லை.

ஆனால் சட்டம் உங்களிடமும் என்னிடமும் ஒன்று கேட்டு வாங்கியிருக்கிறது. 'நீ அவனைத் தொடாதே, நான் பார்த்துக்கொள்கிறேன்' என்று சொல்லி நம் கையைக் கட்டியிருக்கிறது. அப்படிக் கட்டியதாலேயே அது உங்களுக்குக் கடன்பட்டிருக்கிறது. யார் செய்தது என்று சந்தேகத்துக்கு இடமில்லாமல் கண்டுபிடித்துத் தரவேண்டிய கடன். அதை ஊரறிய நிரூபிக்கவேண்டிய கடன். செய்தவன் இன்னொரு ஆச்சி வீட்டுக் கதவைத் தட்டாமல் பார்த்துக்கொள்ளவேண்டிய கடன். உங்கள் கடிதத்தில் என்னை அதிகம் உலுக்கியது தூக்கைப் பற்றிய வரிகள் இல்லை. குற்றப்பத்திரிகை போட்டார்களா என்றுகூடத் தெரியவில்லை என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்களே, அந்த வரி.

கணக்கு நேராவது பற்றிக் கேட்டீர்கள். செய்தவன் செய்ததற்கு ஈடாகப் பெரிதாக எதையாவது இழக்கத்தான் வேண்டும். அதில் உங்களோடு நிற்கிறேன். மற்றவர்களைப் பயமுறுத்துவதற்காகவோ அவனைத் திருத்துவதற்காகவோ மட்டும் தண்டனை என்பதை நான் ஏற்கவில்லை. அவன் செய்த காரியம்தான் முதல் காரணம். ஆனால் பேரேட்டில் ஒரு தொகை வசூலானால் அது யார் பேரிலாவது வரவாக வேண்டும். தூக்கில் வசூலாகும் உயிரை யார் பேரில் வரவு வைப்பது? அப்பத்தா பேரில் வைக்க முடியாது. உங்களுக்கும் வந்து சேராது.

அந்த வசூலும் ஒழுங்காக நடப்பதில்லை. 1980இல் பச்சன் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம், அரிதினும் அரிதான வழக்குகளில் மட்டும்தான் தூக்கு என்றது. எது அரிது என்பது நீதிபதிக்கு நீதிபதி மாறுகிறது. ஒரே கொலை வழக்கில் ஒரே மாதிரி தூக்கு விதிக்கப்பட்ட மூன்று பேர் உச்ச நீதிமன்றத்துக்குத் தனித்தனியாகப் போனார்கள். ஒருவர் மனு தள்ளுபடியாகி 1981இல் தூக்கிலிடப்பட்டார். இன்னொருவருக்கு வேறு அமர்வு ஆயுளாகக் குறைத்திருந்தது. மூன்றாமவரான ஹர்பன்ஸ் சிங்கின் மனு விசாரணைக்கு வந்தபோதுதான் இந்த முரண்பாடே நீதிமன்றத்தின் கண்ணில் பட்டது. அதற்குள் முதலாமவர் போய்ச் சேர்ந்துவிட்டார்.

நமக்குத் தெரிந்த வழக்கையே பாருங்கள். ராஜீவ் காந்தி கொலை வழக்கில் 1998 ஜனவரியில் பூந்தமல்லி தனி நீதிமன்றம் 26 பேருக்கும் தூக்கு என்றது. மறு வருடம் மே மாதம் உச்ச நீதிமன்றம் அவர்களில் 19 பேரைக் கொலைக் குற்றத்திலிருந்து விடுவித்தது. கயிறு அன்று வேகமாக இருந்திருந்தால் அந்த 19 பேரை யார் திருப்பித் தந்திருப்பார்கள்? நான்கு பேருக்குத்தான் தூக்கு உறுதியானது, அவர்களிலும் ஒருவரைக்கூடத் தூக்கிலிடவில்லை. கருணை மனுக்கள், தாமதம், ஆயுளாகக் குறைப்பு, கடைசியில் 2022இல் விடுதலை. ஸ்ரீபெரும்புதூரில் அன்று போலீஸ்காரர்களும் பொதுமக்களும் செத்தார்கள். அவர்கள் வீட்டார் அத்தனை வருடமும் செய்தித்தாளைப் பிரிக்கும்போதெல்லாம் எப்படி இருந்திருக்கும் என்று யோசிக்கிறேன். தூக்கு என்று ஒரு தரம் சொல்லிவிட்டால் கீழ்க்கோர்ட்டிலிருந்து ஜனாதிபதி வரைக்கும் உங்கள் வாழ்க்கையும் அந்த ஃபைலோடு சேர்ந்து போகும். உங்களை அதில் கட்டிப்போட எனக்கு மனமில்லை.

சிங்கப்பூருக்கு வருகிறேன். அங்கே செய்தால் மாட்டிக்கொள்வோம் என்று எல்லாருக்கும் தெரியும், பயம் அதனால்தான் என்று நினைக்கிறேன். உங்கள் வீட்டுக்கு வந்த இருவருக்கும் நம் நாட்டில் கொலைக்குத் தூக்கு உண்டு என்பது தெரியாமலா இருந்திருக்கும்? மாட்ட மாட்டோம் என்று நம்பி வந்திருக்கிறார்கள். ஓடு மாற்றியவனை அப்பத்தாவுக்கு முகம் தெரியும், அதனாலேயே கொன்றிருப்பார்கள் என்று எனக்குப் படுகிறது. தண்டனைப் பயம் அந்த ராத்திரி அவரைக் காப்பாற்றவில்லை, அவர் மேலேயே திரும்பிவிட்டது. அதே சிங்கப்பூரில் 2022 ஏப்ரலில், 42.72 கிராம் ஹெராயின் கொண்டுவந்ததற்காக மலேசியத் தமிழ் இளைஞர் ஒருவரைத் தூக்கிலிட்டார்கள். அவருடைய அறிவுத்திறன் எண் (ஐ.க்யூ.) வெறும் 69 என்று வழக்கில் பதிவாகியிருந்தது. உலகம் முழுவதிலுமிருந்து கெஞ்சினார்கள், பலனில்லை. அடுத்த வருடமே மலேசியா, நீதிபதிக்கு வேறு வழி விடாத கட்டாயத் தூக்கை எடுத்துவிட்டது.

அந்தப் பதினாலு வருடம் சட்டத்தில் வேறு மாதிரி. ஆயுள் என்றால் சாகும்வரை. தூக்கு விதிக்கத்தக்க குற்றத்தில் ஆயுள் பெற்றவரைப் பதினாலு வருடத்துக்கு முன் அரசு விடக் கூடாது என்று 1978இல் வைத்த எல்லை அது. அன்று கதவு தானாகத் திறக்காது. ஆனாலும் உங்கள் பயம் வீண் இல்லை. அண்ணா பிறந்தநாளை ஒட்டி ஆயுள் கைதிகளை விடுவிப்பது நம் மாநிலத்தில் நடந்து வந்திருக்கிறது. செத்தவர் வீட்டாரை ஒரு வார்த்தை கேட்காமல் அப்படி விடுவது எனக்குச் சம்மதமில்லை. ஒன்று தெரிந்துகொள்ளுங்கள். 2008இல் ஷ்ரத்தானந்தா வழக்கில் உச்ச நீதிமன்றம் தூக்குக்குப் பதிலாக, விடுதலைக்கு வழியே இல்லாத ஆயுளை விதித்தது. உயர் நீதிமன்றத்துக்கும் உச்ச நீதிமன்றத்துக்கும் இந்த அதிகாரம் உண்டு என்று 2015இல் அரசியல் சாசன அமர்வும் சொல்லிவிட்டது. அவன் உங்கள் தெருவில் நடக்காமல் இருக்கக் கயிறு தேவையில்லை.

இனி, இப்போதே செய்யவேண்டியவை. 2024 ஜூலை 1 முதல் நடப்பில் இருக்கும் புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 193ஆவது பிரிவுப்படி, புலன்விசாரணை எந்த அளவில் இருக்கிறது என்று 90 நாளுக்குள் உங்களுக்குப் போலீஸ் தெரிவிக்க வேண்டும். அது அவர்கள் கடமை, நீங்கள் கெஞ்சவேண்டியதில்லை. எஃப்ஐஆர் எண்ணைப் போட்டு எழுத்தில் கேளுங்கள். உங்களுக்கென்று ஒரு வக்கீல் இருந்தால் குற்றப்பத்திரிகையின் நகல் உங்களுக்கும் கிடைக்கும். கோர்ட் அனுமதித்தால் அவர் அரசு வக்கீலுக்குத் துணையாக இருக்கலாம். குற்றவாளிகளை விட்டுவிட்டால் நீங்களே மேல்முறையீடு போகலாம். இழப்பீட்டுக்கு மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் மனு கொடுக்கலாம். காசு வேண்டாம் என்று நீங்கள் சொல்வீர்கள். இருந்தாலும் கொடுங்கள், அரசு உங்களுக்குக் கடன்பட்டிருக்கிறது என்பது ஒரு தாளிலாவது பதிவாகட்டும்.

தம்பி சிங்கப்பூரில், நீங்கள் சென்னையில். வாய்தாவுக்கு வாய்தா வந்துபோவது சிரமம்தான். எதிர்ப்பக்கத்து ஆட்கள் நிறையப் பேர் வந்து நிற்பார்கள், அப்பத்தா பக்கம் பெஞ்சு காலியாக இருக்கக் கூடாது. எனக்கு இங்கிருந்து பஸ் ஏறினால் போதும். அடுத்த வாய்தா என்றைக்கு என்று தெரிந்ததும் எழுதுங்கள், வந்து உட்காருகிறேன்.