சீந்தில் சாறு தினமும் குடிக்கலாமா? மும்பை வாசகர்களின் கேள்விகளுக்குப் பதில்

மழை தொடங்கினால் மும்பையில் காய்ச்சல் வரும், கூடவே சீந்தில் என்ற மருந்துக் கொடியின் பேச்சும் வரும். மராத்தியில் குல்வேல், இந்தியில் கிலோய். காலையில் நடக்கப் போகிறவர்கள் பூங்கா வாசலில் பாகற்காய்ச் சாற்றோடு சேர்த்து இதையும் ஒரு தம்ளர் வாங்கிக் குடிப்பார்கள். நான் இங்கே ஒரு மருத்துவமனையில் மருந்தாளுநர். வந்த கேள்விகளுக்கு எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

செம்பூர்: அக்கா, அம்மாவுக்கு 61 வயது, தைராய்டு மாத்திரை சாப்பிடுகிறார். கொரோனா சமயத்தில் ஆரம்பித்த குல்வேல் சாற்றை இன்னும் விடவில்லை. தொடரலாமா?

வேண்டாம்மா, நிறுத்திவிடுங்கள். இந்த வாரமே ஈரலுக்கான ரத்தப் பரிசோதனையும் செய்துவிடுங்கள்.

காரணம் நம் ஊரிலேயே இருக்கிறது. 2020 செப்டம்பரிலிருந்து டிசம்பருக்குள், சீந்தில் எடுத்துவந்த 6 பேர் ஈரல் பாதிப்போடு மும்பை மருத்துவர்களிடம் வந்தார்கள். 2021-இல் அந்த மருத்துவர்கள் அதை அறிக்கையாக வெளியிட்டார்கள். அடுத்த ஆண்டு நாட்டின் 13 மருத்துவ மையங்களிலிருந்து இதே மாதிரி 43 பேரின் விவரம் வந்தது. பலருக்கு, உடலின் எதிர்ப்புச் சக்தியே ஈரலைத் தாக்கும் ‘ஆட்டோஇம்யூன்’ நோயின் அடையாளம் தெரிந்தது. சீந்தில் எதிர்ப்புச் சக்தியை உசுப்பிவிடக்கூடியது. அந்தச் சக்தி ஏற்கெனவே தடம் புரண்டிருப்பவருக்கு இது எரிகிற அடுப்பில் விறகு சொருகுவது போல. தைராய்டு குறைவுக்கும் பெரும்பாலும் இதே கோளாறுதான் காரணம். அதனால்தான் அம்மா விஷயத்தில் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன். தைராய்டு மாத்திரையை மட்டும் நிறுத்திவிடாதீர்கள்.

மாட்டுங்கா: அது சீந்திலே இல்லை, வேறு கொடி என்று ஆயுஷ் அமைச்சகம் சொன்னதே?

சொன்னது. அந்த 6 பேர் குடித்தது எந்தச் செடி என்று முதலில் உறுதி செய்திருக்க வேண்டும் என்பது அமைச்சகத்தின் வாதம். நியாயமான கேள்விதான். சீந்திலின் இனத்திலேயே இன்னொரு கொடி உண்டு, தண்டு முழுக்கப் பரு பருவாக இருக்கும். நம் சீந்திலில் மேல்தோல் காகிதம் போல உரியும், உள்ளே பச்சை தெரியும். மேலிருந்து நூல் நூலாக விழுது தொங்கும். கொடி கையில் இருந்தால் பார்த்துச் சொல்லலாம். பொடியாக்கிப் புட்டியில் அடைத்த பிறகு கண்ணால் பார்த்து எப்படிச் சொல்வது? ஆனால் 43 பேரின் அறிக்கையும் வந்த பிறகு, எல்லாமே செடி மாறிப்போன கதை என்று ஒதுக்க எனக்கு மனம் வரவில்லை.

தாராவி: அப்போ சீந்திலில் ஒன்றுமே இல்லையா அக்கா?

இருக்கிறது அண்ணா. அதற்கும் சாட்சி நம் பரேல் கே.இ.எம். மருத்துவமனைதான். பித்தக்குழாய் அடைப்பால் மஞ்சள் காமாலை வந்த 30 பேரை வைத்து அங்கே செய்த ஆய்வு 1993-இல் வெளியானது. வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்றவர்களில் பிழைத்தவர்கள் 40 சதவீதம். கூடவே சீந்திலும் பெற்றவர்களில் 92.4 சதவீதம். 30 பேர் என்பது சின்னக் கணக்கு, அதை வைத்து ஊருக்கே சிபாரிசு செய்ய முடியாது. ஆனாலும் அந்த எண்ணைப் பார்த்தபோது எனக்கு உண்மையிலேயே சந்தோஷமாக இருந்தது. 2005-இல் ஒவ்வாமைத் தும்மலுக்கு 75 பேரிடம் 8 வாரம் நடந்த சோதனையிலும் நல்ல பலன் தெரிந்தது.

கே.இ.எம்.மில் கொடுத்தது உடல் எடைக்கு ஏற்ப அளந்த மருந்து, மருத்துவர்கள் பக்கத்திலேயே இருந்தார்கள். பூங்கா வாசல் தம்ளரில் அளவும் இல்லை, கடைசி நாளும் இல்லை.

முலுண்ட்: சர்க்கரை மாத்திரையோடு குடிக்கலாமா?

சீந்திலும் சர்க்கரையைக் குறைக்கக்கூடியது. இரண்டும் சேர்ந்தால் ஒரேயடியாக இறங்கிவிடலாம். மருத்துவரைக் கேட்காமல் வேண்டாம்.

சயான்: கர்ப்பிணிகள்?

வேண்டவே வேண்டாம்.

டோம்பிவிலி: எங்கள் வளாகத்து வேப்பமரத்தில் சீந்தில் படர்ந்திருக்கிறது. காய்ச்சல் வந்தால் பாட்டி மூன்று நாள் கஷாயம் வைத்துக் கொடுப்பார். அதுவும் தப்பா?

மூன்று நாள் கஷாயமும் மாதக்கணக்கில் குடிக்கும் சாறும் ஒன்றல்ல. ஈரல் கோளாறோ ஆட்டோஇம்யூன் நோயோ இல்லாத பெரியவர் என்றால் நான் அதிகம் பயப்பட மாட்டேன். ஆனால் மும்பை மழைக்காலக் காய்ச்சல் மலேரியாவாகவோ டெங்குவாகவோ இருக்கலாம். தேங்கிய தண்ணீரில் நடந்திருந்தால் லெப்டோ என்ற எலிக்காய்ச்சலாகவும் இருக்கலாம், அது ஈரலையே தாக்கும். முதலில் ரத்தப் பரிசோதனை செய்யுங்கள், கஷாயம் அப்புறம்.

செம்பூர்: அக்கா, எதைக் கண்டால் உடனே ஓட வேண்டும்?

சிறுநீர் கடுந்தேநீர் நிறத்தில் போனால், கண் மஞ்சளானால், சோறு கண்டாலே குமட்டினால், காரணமில்லாமல் உடம்பு அரித்தால் அன்றைக்கே போங்கள். சாற்றுப் புட்டியையும் கையோடு எடுத்துப் போங்கள். எங்கள் வார்டில் ஒரு அம்மாவிடம் என்னென்ன மருந்து சாப்பிடுகிறீர்கள் என்று மூன்று முறை கேட்டேன். “ஒன்றுமில்லை” என்றார். கைப்பையில் மூக்குக்கண்ணாடி தேடும்போது பாதி காலியான பச்சைப் புட்டி வெளியே வந்தது. “இதுவா? இது குல்வேல்தானே, மருந்து இல்லையே” என்றார். அதன் பிறகு நான் எல்லோரிடமும் சாறு, பொடி, கஷாயம் என்று ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லித்தான் கேட்கிறேன்.