பெரிய நிறுவனத்தில் எட்டு வார இன்டர்ன்ஷிப்: எங்கே கவனம் வைக்க வேண்டும்?

கேள்வி: எம்.பி.ஏ. முதலாண்டு முடித்திருக்கிறேன். ஒரு பெரிய நிறுவனத்தின் ஃபைனான்ஸ் பிரிவில் எட்டு வாரக் கோடைக்கால இன்டர்ன்ஷிப் கிடைத்திருக்கிறது. வாடிக்கையாளர்களிடமிருந்து பணம் தாமதமாக வருவதைக் குறைக்க வழி சொல்வதுதான் புராஜெக்ட். எப்படித் தொடங்குவது, எங்கே தவறு நடக்கும்?

பதில்:

முதலில் நாள் கணக்கைப் போட்டுப் பாருங்கள். எட்டு வாரம் என்றால் 40 வேலை நாள். அடையாள அட்டை, லாகின், ரகசியக் காப்பு ஒப்பந்தம், அறிமுக வகுப்புகள் என்று முதல் வாரம் ஓடிவிடும். கேட்ட தரவு கைக்கு வர இன்னொரு வாரம் ஆகலாம். கடைசி வாரம் பிரசன்டேஷனுக்குப் போய்விடும். ஆக, உண்மையான வேலைக்கு 25 நாள்தான்.

அதனால் முதல் வாரத்திலேயே கேள்வியைச் சுருக்கிவிடுங்கள். ‘வசூலை வேகப்படுத்த வழி சொல்லுங்கள்’ என்று கொடுத்ததை அப்படியே ஏற்றுக்கொண்டால் எட்டு வாரம் அல்ல, எட்டு மாதம் இருந்தாலும் போதாது. எந்தப் பொருள் பிரிவு, எந்த மண்டலம், எந்தக் காலகட்டம், எந்த எண் மாற வேண்டும், கடைசியில் முடிவெடுப்பவர் யார் ஆகிய ஐந்தையும் ஒரே பக்கத்தில் எழுதுங்கள். எதையெல்லாம் தொடப்போவதில்லை என்று இரண்டு வரி சேருங்கள். அதை மென்டருக்கு மின்னஞ்சலில் அனுப்பி, ‘சரி’ என்ற பதிலை எழுத்தில் வாங்கிவிடுங்கள். பெரிய நிறுவனங்களில் மென்டர் நடுவில் விடுப்பில் போவார், வேறு பிரிவுக்கு மாற்றலாவார். ஐந்தாம் வாரத்தில் புதிதாக வந்தவர் ‘இதையும் சேர்த்துப் பாருங்களேன்’ என்று சொன்னால், எடுத்துக்காட்ட அந்த ஒரு பக்கம்தான் இருக்கும்.

தரவு வேண்டுகோளை லாகின் வருவதற்கு முன்பே எழுதி வையுங்கள். இந்தப் புராஜெக்டுக்கு வேண்டியவை: இன்வாய்ஸ் (பில்) எண், இன்வாய்ஸ் தேதி, சரக்கு போய்ச் சேர்ந்த தேதி, தொகை, கெடு தேதி, பணம் வந்த தேதி, வாடிக்கையாளர் குறியீடு, கிரெடிட் நோட்டு (பில் தொகையில் கழித்துக்கொள்ளத் தரும் சீட்டு) விவரம். பருவகால ஏற்ற இறக்கம் தெரிய, குறைந்தது 12 மாதத் தரவு வேண்டும். முழுவதையும் கேட்பதற்கு முன் 100 வரி மாதிரி ஒன்று கேளுங்கள். எந்த நெடுவரிசை காலியாக இருக்கிறது, எது தவறான பொருளில் பதிவாகிறது என்பதெல்லாம் அதிலேயே தெரிந்துவிடும். அனுமதி தருபவர் ஒருவர், தரவை எடுத்துத் தருபவர் இன்னொருவர் என்பதையும் மறக்க வேண்டாம். இரண்டாமவரிடமும் நேரில் போய்ப் பேசுங்கள். மாதத்தின் முதல் சில நாட்கள் கணக்கு முடிக்கும் வேலையில் ஃபைனான்ஸ் ஆட்களுக்குத் தலைநிமிர நேரம் இருக்காது. காலாண்டின் கடைசி வாரத்தில் விற்பனைப் பிரிவு அப்படித்தான். சந்திப்புகளை அதற்கு முன்போ பின்போ வையுங்கள்.

கோப்பு வந்ததும் அலசத் தொடங்கிவிடாதீர்கள். இன்வாய்ஸ்களின் மொத்தத்தைக் கணக்குப் புத்தகத்தின் விற்பனை மொத்தத்தோடு ஒப்பிடுங்கள். ஒத்துப்போகாவிட்டால் காரணம் தெரியும்வரை அடுத்த படி வேண்டாம். எக்ஸெலில் கவனிக்காமல் விடக்கூடிய தவறுகள் சில உண்டு. ஒரு தாளில் 10,48,576 வரிதான் கொள்ளும். அதற்கு மேலுள்ளவை ஏறாது. சி.எஸ்.வி. கோப்பை நேரடியாகத் திறந்தால் 00451 என்ற குறியீடு 451 ஆகிவிடும், பிறகு வேறு கோப்போடு பொருந்தாது. எண்ணாக வரும் நீண்ட குறியீடுகளில் 15 இலக்கத்துக்குப் பின் வருபவை பூஜ்யமாக மாறும். இவற்றைவிட ஆபத்தானது தேதி. நாள் முதலில் வரும் கோப்பை மாதம் முதலில் வரும் கணினியில் திறந்தால் ஏப்ரல் 3 மார்ச் 4 ஆகிவிடும். 12ஆம் தேதிக்கு மேற்பட்டவை மட்டும் எழுத்தாகவே நிற்கும். பாதித் தேதிகள் இடது பக்கம் ஒட்டி நின்றால் மீதிப் பாதியும் தவறு என்று புரிந்துகொள்ளுங்கள்.

அடுத்தது சராசரி. ஒரு மண்டலத்தில் 10 இன்வாய்ஸ், பணம் வர சராசரி 100 நாள். இன்னொன்றில் 90 இன்வாய்ஸ், சராசரி 20 நாள். இரண்டையும் கூட்டி இரண்டால் வகுத்தால் 60. உண்மையான சராசரி 28. தொகையை வைத்து எடை கொடுத்தால் இன்னும் வேறாகலாம். எதை எடுத்தீர்கள், ஏன் என்று ஒரு வரி எழுதி வையுங்கள், ரிவ்யூவில் நிச்சயம் கேட்பார்கள்.

அட்டவணைகள் எங்கே தாமதம் என்று சொல்லும், ஏன் என்று சொல்லாது. என்னைக் கேட்டால் இந்த புராஜெக்டின் உயிர் இங்கேதான் இருக்கிறது. கெடு தாண்டிய இன்வாய்ஸ்களில் 30 அல்லது 40ஐ எடுத்து, ஒவ்வொன்றையும் ஆர்டர் வந்த நாளிலிருந்து பணம் வந்த நாள்வரை தடம் பிடியுங்கள். பில் போடுபவர், சரக்கு அனுப்புபவர், வசூலுக்கு அழைப்பவர் மூவரிடமும் உட்காருங்கள். பில் ஒரு வாரம் கழித்துப் போயிருக்கும். ஆர்டர் எண் தவறாக இருந்திருக்கும். பேசிய விலையும் பில் விலையும் வேறாக இருந்திருக்கும். திரும்பி வந்த சரக்குக்குக் கிரெடிட் நோட்டு போடாமல் விட்டிருப்பார்கள். வாடிக்கையாளர் வேண்டுமென்றே இழுத்தடித்ததாக எண்ணியிருந்த பல தாமதங்கள் நிறுவனத்தின் உள்ளேயே தொடங்கியவை என்று தெரியவரலாம். இதை மேலிடத்தில் சொல்லும்போது எந்த ஊழியரையும் குறை சொல்லாதீர்கள், எந்தப் படியில் தடுக்கிறது என்று மட்டும் காட்டுங்கள். உங்களிடம் மனம்விட்டுப் பேசியவர்கள் அவர்கள்.

வாடிக்கையாளர்களிடம் சர்வே எடுக்கச் சொன்னால், 100 பேரிடம் எடுத்தது சதவீதத்தில் ஏறத்தாழ 10 புள்ளி முன்பின் இருக்கும், 400 பேர் என்றால் 5. அந்த 100 பேரை நான்கு மண்டலமாகப் பிரித்தால் ஒவ்வொன்றிலும் 20 புள்ளி முன்பின். மண்டலவாரி ஒப்பீடு அப்போது நிற்காது.

பலனைக் கணக்கிடுவதில்தான் இன்டர்ன்கள் அதிகம் சறுக்குகிறார்கள். ஆண்டுக்குக் கடனாகக் கொடுத்து விற்பது 365 கோடி என்று வையுங்கள். சராசரி வசூல் காலம் ஒரு நாள் குறைந்தால், வாடிக்கையாளர்களிடம் முடங்கிய 1 கோடி விடுபடும். இது ஒருமுறை கைக்கு வரும் பணம், லாபம் அல்ல. ஆண்டுதோறும் மிச்சமாவது அதன் வட்டி: 10 சதவீதம் என்றால் 10 லட்சம். ‘ஆண்டுக்கு 1 கோடி சேமிப்பு’ என்று ஸ்லைடில் போட்டால் ஃபைனான்ஸ் தலைவர் அந்த இடத்திலேயே நிறுத்திவிடுவார், அதற்குப் பிறகு மற்ற நல்ல வேலையும் கவனம் பெறாது. திட்டத்துக்கு ஆகும் செலவையும் ஆள் நேரத்தையும் கழித்தே காட்டுங்கள்.

வாரம் ஒரு முறை ஐந்து வரியில் மென்டருக்கு நிலவரம் எழுதுங்கள்: முடிந்தது, கண்டது, தடைபட்டது, யாரிடமிருந்து என்ன வேண்டும். நான்காம் வார ரிவ்யூவுக்கு அரைகுறை முடிவையாவது கொண்டு போங்கள், திசை தவறியிருந்தால் திருத்த அப்போது நேரம் இருக்கும்.

இறுதி பிரசன்டேஷனில் பரிந்துரையை முதல் ஸ்லைடிலேயே வையுங்கள். 20 நிமிடத்துக்கு 10 ஸ்லைடு போதும், மற்ற அட்டவணைகள் பின்னிணைப்புக்குப் போகட்டும். அந்த அறையில் உட்காரப்போகும் ஒவ்வொருவருக்கும் இரண்டு மூன்று நாள் முன்பே தனித்தனியாகக் காட்டிவிடுங்கள். தன் பிரிவின் குறையை எல்லார் முன்னாலும் முதல்முறை கேட்கும் மேனேஜர் எதிர்க்கத்தான் செய்வார். முன்பே கேட்டவர் எண்ணைத் திருத்திக்கூடத் தருவார்.

நிறுவனத் தரவைச் சொந்த மின்னஞ்சலுக்கு அனுப்பவோ, நிறுவனம் அனுமதிக்காத ஏ.ஐ. கருவிகளில் ஒட்டவோ கூடாது. கல்லூரி அறிக்கைக்கு எழுத்தில் அனுமதி வாங்குங்கள். தொடக்க மாதத்தை 100 என்று வைத்து மற்ற எண்களை அதற்கு ஏற்ப மாற்றினால் போக்கு தெரியும், உண்மைத் தொகை வெளிவராது.

லாகின் முடக்கப்படுவதற்கு இரண்டு நாள் முன்பே கோப்புகளை ஒப்படைத்துவிடுங்கள். கூடவே எந்தக் கோப்பு எங்கிருந்து வந்தது, எந்த வரிகளை நீக்கினீர்கள், ஒவ்வொரு சூத்திரமும் என்ன செய்கிறது என்று இரண்டு பக்கம் எழுதுங்கள். பிறகு உங்கள் குழுவில் ஒருவரை உட்கார வைத்து, நீங்கள் வாய் திறக்காமல், அதை மட்டும் பார்த்து அடுத்த மாத எண்களை ஏற்றச் சொல்லுங்கள். அவர் எந்த இடத்தில் நிற்கிறாரோ அங்கே இன்னொரு வரி எழுத வேண்டும்.