வாசகர் கேள்வி: கார் கண்ணாடிக்கு ஃபிலிம் ஒட்ட எவ்வளவு நேரம் பிடிக்கும்?

கேள்வி: எங்கள் காரின் கண்ணாடிகளுக்கு வெயிலைத் தடுக்கும் ஃபிலிம் ஒட்ட விரும்புகிறோம். ஒரு கடைக்காரர் ஒரே மணி நேரத்தில் முடித்துத் தருவதாகச் சொல்கிறார். மற்றொருவரோ காலையில் விட்டு மாலையில் எடுத்துக்கொள்ளச் சொல்வதோடு, சில நாட்களுக்குக் கண்ணாடியை இறக்கவே கூடாது என்கிறார். யாரை நம்புவது?
– ஒரு வாசகி, தென்காசி

பதில்: இரண்டாமவரையே நம்பலாம். பக்கக் கண்ணாடிகளும் பின்கண்ணாடியும் சேர்ந்த ஒரு சாதாரணக் காருக்கு, கைதேர்ந்தவர் செய்தாலும் இரண்டு முதல் நான்கு மணி நேரம் ஆகும். பழைய ஃபிலிமை உரிக்க வேண்டியிருந்தால் மேலும் ஓரிரு மணி நேரம் கூடும்.

ஒட்டுவதைவிடத் துடைப்பதற்கே அதிக நேரம் தேவைப்படுகிறது. கண்ணாடியின் உட்புறத்தைச் சோப்புக் கலந்த நீரால் பலமுறை கழுவி, ரப்பர் பீடிங்கின் இடுக்கில் தங்கிய மணலையும் நூலிழைகளையும் நீக்கிய பிறகே ஃபிலிமை வைக்க வேண்டும். ஒரு மணி நேரத்தில் முடிக்கிறவர் பெரும்பாலும் குறைத்துக்கொள்வது இந்த வேலையைத்தான். அதன் விளைவு, கண்ணாடியெங்கும் சிறு சிறு புள்ளிகளாகப் பின்னர் தெரியவரும்.

அடுத்து நேரம் பிடிப்பது பின்கண்ணாடி. அது வளைந்தது, ஃபிலிமோ தட்டையானது. ஆகவே ஃபிலிமை முதலில் கண்ணாடியின் வெளிப்புறத்தில் விரித்து, மடிப்பு விழும் இடங்களை ஹீட் கன்னால் மெல்லச் சூடாக்கி, கண்ணாடியின் வளைவுக்கேற்பச் சுருக்கிய பின்னரே உட்புறத்தில் ஒட்டுகிறார்கள். சூடு சற்று மிகுந்தாலும் ஃபிலிம் கருகிவிடும். பழைய ஃபிலிமை உரிக்கும்போதும் பின்கண்ணாடியில் பொறுமை வேண்டும். பனியைப் போக்க அதில் பதித்திருக்கும் மெல்லிய கோடுகளின் மீது பிளேடைப் போட்டால், கோடு அறுந்து அந்தப் பகுதி சூடேறாமல் போய்விடும். எனவே நீராவியால் பசையை இளக்கி உரிப்பவரா என்று முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.

கண்ணாடியை இறக்கக் கூடாது என்பதற்கும் தக்க காரணம் உண்டு. ஃபிலிமுக்கும் கண்ணாடிக்கும் இடையே தங்கிய ஈரம் முழுவதும் வெளியேறும்வரை பசை இறுகுவதில்லை. அதற்குள் கண்ணாடியை இறக்கினால், கதவின் ரப்பர் உரசி ஃபிலிமின் ஓரம் சுருண்டுவிடும். மூன்று முதல் ஐந்து நாட்கள் பொறுத்திருப்பது நல்லது. பழக்கத்தில் கை போய்விடாதிருக்கப் பல கடைக்காரர்கள் கண்ணாடி சுவிட்சின் மீதே டேப் ஒட்டி அனுப்புவார்கள், அதைப் பிய்த்துவிடாதீர்கள். முழுமையாக உலர, மழைக்காலத்தில் சில வாரங்கள்கூட ஆகலாம். அதுவரை தெரியும் நீர்க்கொப்புளங்களும் மங்கலும் தாமாகவே மறையும். தூசிப் புள்ளிகள் மறையா. அவற்றுக்காக மீண்டும் ஒட்டித் தரும்படி கேட்க உங்களுக்கு உரிமை உண்டு.

இவை எல்லாவற்றுக்கும் முன்னால் சட்டத்தைக் கவனிக்க வேண்டும். 1989-ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளின்படி முன், பின் கண்ணாடிகள் 70 சதவீத ஒளியையும், பக்கக் கண்ணாடிகள் 50 சதவீத ஒளியையும் உள்ளே விட வேண்டும். 2012-இல் உச்ச நீதிமன்றம் ஃபிலிம் ஒட்டுவதையே தடை செய்தது. பின்னர் விதிகள் திருத்தப்பட்டதைச் சுட்டி, இந்த அளவுக்குக் குறையாமல் ஒளியை விடும் ஃபிலிமுக்குத் தடையில்லை என்று 2024-இல் கேரள உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இருப்பினும், உங்கள் பகுதி வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் கேட்ட பிறகே பணம் கொடுங்கள். அளவு பார்ப்பது ஃபிலிமுக்கு மட்டுமன்று, கண்ணாடியையும் சேர்த்துத்தான்: 75 சதவீத ஒளியை விடும் கண்ணாடியில் 60 சதவீத ஃபிலிமை ஒட்டினால் மிஞ்சுவது 45 சதவீதம், அது பக்கக் கண்ணாடிக்கும் போதாது.