செடித் தொட்டியின் அடியில் கூழாங்கல் போட்டால் தண்ணீர் நன்றாக வடியுமா?

வடியாது. வடிகால் என்பது மண்ணால் பிடித்துவைக்க முடியாத நீர் துளை வழியே வெளியேறுவது. மண்ணின் நுண்ணிய இடுக்குகள் நீரை இறுகப் பற்றிக்கொள்ளும். கற்களுக்கு நடுவே உள்ள பெரிய இடைவெளிகளுக்கு அந்தப் பிடி இல்லை. அதனால் நீர் கல்லுக்குள் எளிதில் இறங்காமல் அதற்கு மேலேயே நின்றுவிடுகிறது. துவைத்த துணியைக் கொடியில் போட்டுப் பாருங்கள்: மேற்பகுதி உலர்ந்த பிறகும் கீழ்விளிம்பு ஈரமாகவே இருக்கும். மண்ணின் அடியிலும் அப்படியொரு ஈரப்பட்டை உண்டு. கல் போட்டால் அது வேருக்கு இன்னும் நெருங்கி உயர்கிறது! காற்றில்லாமல் தவித்த தக்காளி வேரைப் பிடுங்கிப் பார்த்தால், பழுப்பேறிக் கொழகொழவென்று இருக்கும். பார்க்கவே மனம் வலிக்கும். தொட்டி முழுவதும் பொலபொலப்பான ஒரே மண்கலவையை நிரப்புங்கள். துளைமேல் வைக்கும் ஓட்டுச்சில்லு மண் கொட்டாமல் தடுக்கத்தான். அது வடிகாலைக் கூட்டுவதில்லை.