கீமோவில் வாய்ப்புண்: உப்புத் தண்ணீர் எரிந்தால்?

கேள்வி: அம்மாவுக்குக் கீமோ ஏற்றிய எட்டாம் நாள் வாயெல்லாம் புண். உப்புத் தண்ணீர் கொப்பளித்தால் துடிக்கிறார். மணத்தக்காளிக் கீரை கொடுக்கலாமா?
– வாசகி, கரூர்

பதில்: உப்பு கூடிப்போயிருக்கும். கைக்கணக்கு வேண்டாம். கொதித்து ஆறிய ஒரு லிட்டர் தண்ணீருக்கு உப்பு ஒரு டீஸ்பூன், சமையல் சோடா ஒரு டீஸ்பூன், இரண்டும் தலைதட்டி. பேக்கிங் பவுடர் வேறு, அது உதவாது. வெதுவெதுப்பாக 30 விநாடி வாயில் அலசித் துப்பட்டும். சாப்பிட்ட பிறகும் படுக்கும் முன்பும் கட்டாயம். நடுவில் 2-3 மணி நேரத்துக்கு ஒருமுறை. சோடா பிசுபிசுத்த எச்சிலை இளக்கும், புளிப்பை முறிக்கும். மீந்ததை மறுநாளுக்கு வைக்காதீர்கள்.

கடையில் விற்கும் ஆல்கஹால் கலந்த மவுத்வாஷ் வேண்டாம். புண்ணை இன்னும் உலர்த்தி எரிய வைக்கும். பல் துலக்குவதை நிறுத்திவிடாதீர்கள். குழந்தைகளுக்கான மெல்லிய பிரஷ்ஷை வெந்நீரில் முக்கினால் மேலும் மிருதுவாகும்.

மணத்தக்காளியைத் தேங்காய்ப்பாலில் குழைய வேகவைத்து, மிளகாய், புளி இல்லாமல் கொடுக்கலாம். அது உணவுதான், மருந்தல்ல. குழைந்த பருப்புசாதம், பாலில் ஊறிய இட்லி, ஆறிய கேழ்வரகுக் கூழ் இறங்கும். ரசம், தக்காளி, எலுமிச்சை, முறுக்கு கூடாது.

டாக்டர் மரப்பு ஜெல் தந்தால், மரத்த வாயில் சூடு தெரியாது, புரையும் ஏறலாம். ஆறியதை மெல்ல ஊட்டுங்கள்.

நாக்கில் வெள்ளைப் படலம் பூஞ்சையாக இருக்கலாம், அதற்குத் தனி மருந்து உண்டு. காய்ச்சல் 100.4 டிகிரியைத் தொட்டாலோ, தண்ணீரே இறங்காவிட்டாலோ, நடுராத்திரி ஆனாலும் ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள். பாராசிட்டமால் போட்டுக் காத்திருக்கக் கூடாது.